முதலையை எங்கே கொண்டுபோய் விடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கொள்ளிடத்தின் வடகரையில், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு முதலை புதுச் செய்தி இல்லை. மேட்டூரில் தண்ணீரைத் திறந்து, அணைக்கரையில் மதகுகளைத் தூக்கிவிட்டால் ஆறு இரு கரையும் முட்டிக்கொண்டு ஓடும். அந்த வேகத்தில் முதலையாலும் நிற்க முடியாது. தண்ணீர் அமைதியாக இருக்கும் இடம் தேடி வாய்க்காலில் ஏறும், வாய்க்காலிலிருந்து குளத்துக்கும் குட்டைக்கும் வரும். வெள்ளம் வடிந்த பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், ஊர்க்குளத்தில் படிக்கட்டுக்கு எதிர்க்கரையில் ஒன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உடனே வனத்துறைக்குப் போன் போகும். அந்தப் போனில் எல்லா ஊர்க்காரர்களும் சொல்வது ஒன்றுதான்: "வந்து பிடிச்சு, வேற எங்கயாவது கொண்டுபோய் விடுங்க சார்."

நியாயமான கோரிக்கை. குளத்தில் குளிக்கிறவர்கள், மாடு கழுவுகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் அந்த 'வேற எங்கயாவது' எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனால், விஷயம் குளத்தோடு முடிவதில்லை. நாற்பது ஐம்பது வருட வரலாறும் நாலைந்து நாடுகளும் உள்ளே வந்துவிடுகின்றன. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில், பிடிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக் குளத்தை முழங்கால் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலை ஏறக்குறைய எட்டடி. சுருக்குக் கயிறு மேல்தாடையில் விழுந்ததும் அது உடம்பை முறுக்கி உருளத் தொடங்கியது. இரை பிடித்தாலும் அப்படித்தான் உருளும், மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். கரையில் நின்ற பையன்களெல்லாம் பத்தடி பின்னால் போனார்கள். வனக்காவலர் ஒருவர் அவசரப்படவே இல்லை. கயிற்றை விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து, அது களைக்கும் வரை காத்திருந்தார். பிறகு தண்ணீரில் நனைத்த ஒரு கோணிச்சாக்கை அதன் கண்மேல் வீசினார். அவ்வளவுதான், அடங்கிவிட்டது. கண் மறைந்ததும் அது சட்டென்று அமைதியாகிவிடும். பிறகு வாயைச் சுற்றிக் கயிறு. முதலைக்கு வாயை மூடும் தசைதான் அசுர பலம் கொண்டது. திறக்கும் தசை நோஞ்சான். மூடிய வாயை ஒரு ஆள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். மூங்கிலில் சேர்த்துக் கட்டி, ஆறு பேர் தோளில் தூக்கி, மினி வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி கிளம்பும்போது ஒரு பாட்டி வந்து, "எங்கப்பா கொண்டுபோறீங்க?" என்று கேட்டார். "வக்காரமாரிக்கு பாட்டி" என்றார் காவலர். பாட்டிக்குத் திருப்தியில்லை. "அது இங்கதான இருக்கு" என்றார்.

பாட்டி சொன்னது சரிதான். சிதம்பரத்துக்குக் குடிநீர் தரும் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில்தான் எங்கள் பகுதியில் பிடிபடும் முதலைகளைப் பல வருடங்களாக விடுகிறார்கள். அடுத்த வெள்ளம் வந்தால் அதுவும் வாய்க்கால்களோடு சேர்ந்த நீர்தான். வனத்துறையைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் வேறு இடம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

சரி, எந்த முதலை என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். இந்தியாவில் மூன்று வகை. நம் ஆறு, குளம், அணைகளில் இருப்பது நன்னீர் முதலை. ஒடிசா, மேற்கு வங்கம், அந்தமான் பக்கம் கழிமுகங்களில் இருப்பது உப்புநீர் முதலை. உலகத்திலேயே பெரியது அதுதான். மூன்றாவது, சம்பல் ஆற்றிலும் வடக்கே இன்னும் சில ஆறுகளிலும் மட்டும் மிஞ்சியிருக்கும் கரியால்; நீண்டு மெலிந்த மூக்கு, ஆணின் மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்தது போல ஒரு புடைப்பு. அது மீன் தின்னி, மனிதரைத் தொடாது. அலிகேட்டர் நம் நாட்டில் இயற்கையில் கிடையாது. அமெரிக்காவில் ஒரு வகை, சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கம் அழியும் நிலையில் ஒரு வகை, அவ்வளவுதான். வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே தெரிந்தால் முதலை, தெரியாவிட்டால் அலிகேட்டர். இதைச் சோதித்துப் பார்க்கும் தூரத்துக்கு யாரும் போக வேண்டாம்.

இப்போது ஐம்பது வருடம் பின்னால் போவோம். 1970களின் தொடக்கத்தில் இந்த மூன்று வகையும் இந்தியாவில் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டன. காரணம் தோல் வியாபாரம். செருப்பு, கைப்பை, இடைவார் என்று கிராக்கி இருந்த காலம். கரியால் 200கூட மிஞ்சவில்லை என்பதுதான் அப்போதைய மதிப்பீடு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் மத்திய அரசு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு ஒடிசாவில் முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. பஸ்டார்ட் என்ற நிபுணர் வந்து வழிகாட்டினார். யோசனை எளிமையானது. ஆற்றங்கரையில் முட்டையைத் தோண்டி எடுத்துவந்து, பாதுகாப்பாகப் பொரிக்கவைத்து, குஞ்சு நாலடி வளரும் வரை வளர்த்து, ஆற்றில் விட்டுவிட வேண்டும். இயற்கையில் உடும்பும் கீரியும் நரியும் முட்டையைத் தின்னும். குஞ்சை நாரையும் பருந்தும் பெரிய மீனும் தின்னும். நூற்றில் ஒன்றிரண்டு தேறினால் அதிகம். அந்தக் கண்டத்தை மனிதர்கள் தாண்டவைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு பலித்தது. நம் மாநிலத்தில் அமராவதி அணை, சாத்தனூர், ஒகேனக்கல் என்று முதலைப் பண்ணைகள் வந்தது அதையொட்டித்தான். 1976இல் சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'முதலை வங்கி' என்று பெயர் வைத்தார்கள். போட்டு வைத்து, பெருக்கி, ஆறுகளுக்குத் திருப்பித் தருவது என்பது எண்ணம். அங்கே உருவான ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதலைகள் பல மாநில வனத்துறைகளுக்குப் போயின.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கோடையில் அங்கே ஒரு கூடு பிரிப்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தாய் முதலையை இரண்டு பேர் நீண்ட கம்புகளோடு ஒரு பக்கம் ஒதுக்கி நிறுத்திக்கொள்ள, ஒருவர் குனிந்து கையாலேயே மணலைத் தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் முட்டைகள், இருபத்தைந்து முப்பது இருக்கும். வெள்ளை, கெட்டி ஓடு, வாத்து முட்டையைவிடக் கொஞ்சம் நீளம். ஒன்றை எடுத்து என் காதருகே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த முட்டையை விரலால் மெல்லத் தட்டினார். உள்ளேயிருந்து 'உம்க்... உம்க்' என்று சத்தம். அது தொடங்கியதும் மற்ற முட்டைகளிலும் பதில். ஓட்டுக்குள் இருந்துகொண்டே எல்லாம் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன. இந்தச் சத்தம் கேட்டுத்தான் தாய் வந்து மண்ணைத் தோண்டிவிடும். பொரிந்த குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடும். பொரியாத முட்டையைப் பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் வைத்து மெதுவாக உடைத்துக்கொடுப்பதும் உண்டு. எலும்பை நொறுக்கும் அதே தாடைதான்.

பண்ணையில் நடந்த ஆராய்ச்சிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலையின் முட்டையில் ஆண், பெண் என்பது கரு உண்டாகும்போதே தீர்மானமாகிவிடுவதில்லை. கூட்டின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. நன்னீர் முதலைக்கு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் எல்லாம் பெண், 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண்; அதற்கும் மேலே போனால் மறுபடியும் பெண் குஞ்சுகள் வரத் தொடங்கும். ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு கூட்டின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. இன்னொன்று, அங்கே மரங்களில் கொக்குகள் கூடுகட்டும் பருவத்தில் சில முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதைப் பார்த்து, சுள்ளி பொறுக்க வரும் கொக்குக்கு வைக்கும் பொறி அது என்று 2013இல் எழுதினார்கள். அலிகேட்டர்களை வைத்துப் பிறகு நடந்த ஒரு சோதனை அதை ஆதரிக்கவில்லை. எனக்கும் பாதி நம்பிக்கைதான். மூக்கின்மேல் சுள்ளி கிடப்பது வேறு, அதை வேண்டுமென்றே வைப்பது வேறு.

ஆனால் முதலை மந்த புத்தி என்று நினைப்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பழக்கிய முதலை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறது, இன்னொன்றின் பெயரைச் சொன்னால் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. இதையெல்லாம் காவலர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, நம் ஆட்களில் யாராவது ஒருவர் கல்லை எடுத்து எறிவார். 'பொம்மையா, உயிரா?' என்று பார்க்கிறாராம். மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பே. வாரத்துக்கு ஒருமுறை சாப்பிட்டு உயிர்வாழும் பிராணி எதற்காக நமக்கு வேடிக்கை காட்டி நகர வேண்டும்?

கதைக்கு வருகிறேன். வங்கியில் போட்டது பெருகிக்கொண்டே போனது. பண்ணையில் நல்ல தீனி கிடைத்ததால் நன்னீர் முதலைகள் ஒரே வருடத்தில் இரண்டு முறை முட்டையிட்டன. ஆனால் வாங்கிக்கொள்ள ஆறு இல்லை. அணை, மணல் எடுப்பு, கரையோர விவசாயம் என்று முதலை இருக்கக்கூடிய நீர்நிலைகள் சுருங்கிவிட்டன. சில இடங்களில் விட்டதே வினையாகிவிட்டது. கேரளத்தின் நெய்யாறு அணையில் விட்ட முதலைகள் வளர்ந்து, கரையோர மக்களைத் தாக்கத் தொடங்கி, கடைசியில் பிடித்துக் கூண்டில் வைக்க வேண்டியதாயிற்று. 1994இல் மத்திய அரசு நன்னீர் முதலைகளை வளர்த்து விடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. தொடக்கத்தில் ஐ.நா. நிபுணர்களின் யோசனையில் இன்னொரு வழியும் இருந்தது: பெருகியவற்றைத் தோலுக்காக வளர்த்து விற்பது. தாய்லாந்தில் அப்படித்தான், லட்சக்கணக்கில் பண்ணை முதலைகள் இருக்கின்றன. இந்தியா அதற்குச் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காதது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் விற்கவும் கூடாது, விடவும் கூடாது என்றால் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தார்கள். முட்டைகளை எடுத்து அழித்தார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு முட்டையையும் பொன்போல எண்ணியவர்கள்தான் இந்த வேலையையும் செய்தார்கள். பின்னர் வடநெம்மேலியிலிருந்து 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் மையத்துக்கு அனுப்ப அனுமதி வாங்கினார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது.

ஆகவே 'பண்ணையில் கொண்டுபோய் விடுங்கள்' என்ற கதவு மூடிய கதவு. பண்ணையே தன் முதலைக்கு வேறு இடம் தேடிக்கொண்டிருந்தது.

அடுத்த யோசனை, 'மனுஷன் இல்லாத காட்டுக்குள்ள, தூரமா கொண்டுபோய் விடுங்க.' இதைச் செய்து பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள். குயின்ஸ்லாந்தின் வடகோடியில் மூன்று உப்புநீர் முதலைகளைப் பிடித்து, முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் வேறு இடங்களில் விட்டார்கள். ஆய்வு முடிவு 2007இல் வெளியானது. மூன்றும் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. அதில் ஒன்றைத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அது கடலில் இறங்கி, நிலமுனையைச் சுற்றிக்கொண்டு, 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, 20 நாளில் பழைய ஆற்றுக்கே வந்து சேர்ந்தது. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று நம் ஊரில் சொல்வது இரையைப் பற்றி. இடத்தைப் பற்றியும் சொல்லலாம் போலிருக்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் வேறு முடிவுக்கு வந்தது. அங்கே சுமார் 13 லட்சம் அலிகேட்டர்கள். கோல்ஃப் மைதானக் குட்டை, வீட்டு நீச்சல் குளம், கார் நிறுத்துமிடம் எங்கேயும் வரும். 1967இல் அழியும் பட்டியலில் இருந்த பிராணி, 1987இல் பட்டியலைவிட்டு வெளியே வந்துவிட்டது. நாலடிக்கு மேல் வளர்ந்த அலிகேட்டரால் ஆபத்து என்று யாராவது போன் செய்தால், உரிமம் பெற்ற ஆள் வந்து பிடிப்பார். பிடித்ததை வேறு இடத்தில் விடுவதில்லை, பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். தோலும் இறைச்சியும் பிடித்தவருக்கு. இடம் மாற்றினால் திரும்பி வந்துவிடும் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நம் சட்டத்தில் இதற்கு இடமில்லை. மூன்று முதலைகளும் புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கின்றன. அதே அமெரிக்காவில் ஆசைக்கு வாங்கி வளர்த்துவிட்டு 'வேறு எங்கேயாவது' விடுகிறவர்களும் உண்டு. 2023 பிப்ரவரிக் குளிரில் நியூயார்க் நகரத்துப் பூங்கா ஏரி ஒன்றிலிருந்து நாலடி அலிகேட்டர் ஒன்றை எடுத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தது. வயிற்றில் குளியல் தொட்டியை அடைக்கும் ரப்பர் மூடி இருந்தது. சில வாரங்களில் இறந்துவிட்டது.

பிடித்து அடைத்தே வைத்துவிடலாமே என்றால், அதற்கும் ஒரு கதை பிலிப்பைன்ஸில் உண்டு. புனவான் என்ற ஊரில் 2011இல் பிடித்த உப்புநீர் முதலை, இருபதடிக்கு மேல், ஒரு டன்னுக்கு மேல் எடை. லோலோங் என்று பெயர். ஊருக்கு அதனால் வருமானம் கொட்டியது. ஒன்றரை வருடத்தில், 2013 பிப்ரவரியில், அடைத்து வைத்த குளத்திலேயே இறந்துபோனது.

அப்படியானால் வதோதராவைப் பார்ப்போம். குஜராத்தின் பெரிய நகரங்களில் ஒன்று. ஊருக்கு நடுவே விஸ்வாமித்ரி ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் பல்கலைக்கழகம், பாலம், அடுக்குமாடி, குடிசைகள். ஆற்றில் சாக்கடை கலக்கிறது. அந்தத் தண்ணீரில் 2025 தொடக்கத்தில் எடுத்த கணக்கில் 442 நன்னீர் முதலைகள். தினமும் பாலத்தின்மேல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

2024 ஆகஸ்ட் கடைசியில் பெருமழை பெய்து விஸ்வாமித்ரி ஊருக்குள் புகுந்தது. முதலைகளும் கூடவே வந்தன. வீட்டுக் கூரையில் ஒன்று, தெருவில் தெருநாய்களுக்கு நடுவே ஒன்று. மூன்று நாளில் 24 முதலைகளைப் பிடித்தார்கள். அப்போது ஒரு வீடியோ நாடெங்கும் சுற்றியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு இளைஞர்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள். பின்னால் இருப்பவர் மடியில், குறுக்காக, வாய் கட்டிய ஒரு முதலை. வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். போக்குவரத்தில் யாரும் பெரிதாக அலறவில்லை.

பிடித்த 24ஐயும் என்ன செய்தார்கள்? தண்ணீர் வடிந்ததும் விஸ்வாமித்ரியிலேயே விடுவதுதான் அங்கே வழக்கம். வேறு எங்கேயாவது விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் முதலை அடித்து விரட்டும். விரட்டப்பட்டது ஊருக்குள் அலையும். காலியான இடத்துக்குச் சின்ன முதலை ஒன்று வந்து உட்காரும், ஊரைப் பழகாத புதுமுதலை. நம் வீட்டுக் குளத்தில் இருப்பது பழைய முதலையாக இருப்பதே மேல் என்று வதோதராவில் முதலை பிடிக்கும் தன்னார்வலர்கள் வாதாடுவார்கள். முதலில் கேட்டபோது விதண்டாவாதமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் தள்ளிவிட முடியவில்லை.

அதற்காக வதோதராவைச் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். அங்கே தாக்குதல் நடக்கிறது, ஆள் சாகிறார். ஆற்றோரம் செத்த மாடு, கோழிக்கடைக் கழிவு எல்லாம் கொட்டுகிறார்கள். முதலை கரையோரமே பழகிவிடுகிறது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே சரோத்தர் என்று ஒரு வட்டாரம். சபர்மதிக்கும் மஹிக்கும் நடுவே, வயலும் ஊர்க்குளமுமாக, கிட்டத்தட்ட நம் டெல்டா மாதிரியே இருக்கும். அங்கே கிராமத்துக் குளங்களில் முதலைகள் பல தலைமுறையாக இருக்கின்றன. மலாதஜ் என்ற ஊரில் குளக்கரையிலேயே கோடியார் மாதா கோயில். முதலைதான் அம்மனின் வாகனம். ஒரு பக்கம் பெண்கள் துணி துவைக்கிறார்கள், மறு பக்கம் முதலை வெயில் காய்கிறது. அங்கே தாக்குதல் மிக அரிது. பக்தி ஒரு காரணம். குளத்தில் மீனுக்குக் குறைவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம்.

கோயில் என்றதும் காசர்கோடு அனந்தபுரம் ஏரிக்கோயில் பபியா நினைவுக்கு வரும். பிரசாதச் சோறு சாப்பிடும் சைவ முதலை என்று பெயர் வாங்கியது. எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்து, 2022 அக்டோபரில் இறந்தது. மாலை போட்டு, ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அது சைவம் என்பதை விலங்கியல் படித்தவனாக நான் ஒப்புக்கொள்ள முடியாது. ஏரியில் மீன் இருந்தது. ஆனால் அத்தனை வருடம் பக்தர்கள் யாரையும் அது தொட்டதாகப் பேச்சே இல்லை. ஒரு வருடம் கழித்து அதே ஏரியில் இன்னொரு முதலை தலைகாட்டியது. நம் அவிநாசியில் சுந்தரர் முதலை வாயிலிருந்து பாலகனை மீட்ட கதை இன்றும் உற்சவமாக நடக்கிறது. அதாவது, குளத்தில் முதலை இருப்பதும் அது பிள்ளையைப் பிடிப்பதும் அந்தக் காலத்திலேயே ஊருக்குத் தெரிந்த விஷயம்.

இப்போது நமக்கு உபயோகமான இடத்துக்கு வருகிறேன். ஒடிசாவின் பிதர்கனிகாவில், திட்டம் தொடங்கியபோது நூற்றுக்கும் குறைவாக இருந்த உப்புநீர் முதலைகள் இன்று 1,800ஐத் தாண்டிவிட்டன. கேந்திரபாரா மாவட்ட ஆற்றங்கரை ஊர்களில் வருடா வருடம் உயிர்கள் போகின்றன. அங்கே வனத்துறை குளிக்கும் துறைகளில் தடுப்பு கட்டிக்கொடுக்கிறது: படிக்கட்டிலிருந்து தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் வரை மூங்கிலோ இரும்பு வலையோ மூன்று பக்கமும் அடைத்து, உள்ளே மட்டும் குளிக்கலாம். இலங்கையில் மாத்தறைப் பக்கம் நில்வளா ஆற்றிலும் இந்த வேலி உண்டு. அங்கே இது பழைய வழக்கம். முதலையை அடைப்பதற்குப் பதிலாக மனிதர் பத்து நிமிடம் அடைப்புக்குள் நின்று குளித்துவிட்டுப் போகிறார். செலவு பெரிதல்ல. பராமரிப்புதான் பிரச்சினை. மூங்கில் தண்ணீரில் கிடந்து உளுத்துப்போகும், கம்பி துருப்பிடிக்கும், வெள்ளத்தில் வரும் மரம் மோதி ஒரு பக்கம் திறந்துகொள்ளும். ஓட்டை விழுந்த தடுப்பு, தடுப்பே இல்லாததைவிட ஆபத்து. உள்ளே இருக்கிறவர் தைரியமாக இருப்பார்.

கொள்ளிடத்தின் நடு ஆற்றில் இதெல்லாம் நிற்காது. வாய்க்கால் துறையிலும் ஊர்க்குளத்துப் படியிலும் நிற்கும். எங்கள் பக்கம் முதலை கடித்த செய்திகளைக் கவனித்தால், பெரும்பாலும் குளிக்கும்போது, துணி துவைக்கும்போது, மாட்டைத் தண்ணீரில் இறக்கிக் கழுவும்போது. வீட்டில் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால், கழிப்பறை இருந்து அதில் தண்ணீரும் இருந்தால், பாதிப் பேர் அந்தப் படியில் இறங்கவே மாட்டார்கள். மாட்டுக்குக் கரைமேல் ஒரு அடிபம்பும் ஒரு சிமென்ட் தொட்டியும் போதும். கோழிக்கழிவை வாய்க்காலில் கொட்டுகிறவரை ஊரே சேர்ந்து நிறுத்தலாம். அதற்கு எந்தத் துறையின் அனுமதியும் வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, மாசி பங்குனியில் முதலை கரையில் பள்ளம் தோண்டி முட்டையிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். அதுவரை தாய் பக்கத்திலேயே இருக்கும், நெருங்கினால் பாயும். தண்ணீர் வற்றி, குளிக்க இருக்கும் ஒரே பள்ளத்தில் மனிதரும் முதலையும் சேர்ந்து நிற்கிற காலமும் அதுதான். குளக்கரையில் மண் புதிதாகக் கிளறியிருந்தால், வயிறு இழுபட்ட தடம் தெரிந்தால், அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இருட்டும் நேரத்தில், தனியாக, தண்ணீர் ஓரம் குனிந்து உட்காராதீர்கள். முதலையின் தாடையெங்கும் கரும்புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்த அதிர்வைக்கூட அவை உணரும். பாத்திரம் அலம்பும் சத்தமே அதற்குப் போதும்.

தடுப்பு, அடிபம்பு, மாட்டுத் தொட்டி இவற்றைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. கேட்பதிலும் நேரம் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேட்டால், தீர்மானம் நிறைவேறுவதற்குள் மேட்டூர்த் தண்ணீர் வந்து துறையே மூழ்கியிருக்கும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கூட்டத்தில் கேளுங்கள். கோடையில் வாய்க்கால் காய்ந்திருக்கும்போது கம்பம் நட வசதி. எந்தக் குளிக்கும் துறை, எத்தனை அடி நீளம், யார் வருடம் ஒருமுறை பழுது பார்ப்பது என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.